இன்டேக்குக்கு 'மேப்' போட்டுத் தருகிறோம் என்றால் முதலில் லொக் கேளுங்கள்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் போதும், நுவரெலியாப் பக்கம் "இன்டேக்கும் ரீமேப்பும் ஒரே விலையில்" என்று விளம்பரங்கள் முளைத்துவிடும். இன்டேக் என்றால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் பில்டரும். மேப் என்றால் எஞ்சினை நடத்தும் கம்பியூட்டரான ஈசியூவுக்குள் இருக்கிற எண்கள், அதை மாற்றி எழுதுவது ரீமேப். லொக் என்றால் வண்டி ஓடும்போது சென்சர்கள் சொன்னதன் பதிவு. மஹகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் மலையேற்றப் பந்தயம் பார்க்க வருகிற பையன்கள்தான் குறி. இந்த முறை சிக்கியது ஒரு டேர்போ சுபாரு. கராஜின் பெயர் இங்கே வேண்டாம். நடந்த வேலையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பேசியது பிராண்ட் இன்டேக், அதற்கென்றே எழுதிய மேப். காரில் இருந்ததோ அந்த பிராண்டின் கொப்பி. ஈசியூ ஃபைலைத் திறந்து பார்த்தால் மாஃப் டேபிள் (காற்றை அளக்கும் மாஃப் சென்சரின் வோல்ட்டைக் காற்றின் அளவாக மாற்றும் அட்டவணை) கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஓர் எண்கூட மாறவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று: பி0171 எர்ரர் கோட்டை நிறுத்திவிட்டார்கள். எஞ்சினுக்குப் பெற்றோல் போதாது என்று செக் லைட்டைப் போடுகிற கோட் அதுதான். ஆகவே லைட் எரியவில்லை, டவுனுக்குள் ஓட்டமும் சுகமாக இருந்தது. றம்பொடை ஏற்றத்தில் பெடலை முழுதாக அழுத்தியபோதுதான் எஞ்சின் 'டிக்டிக்' என்று நொக் (பெற்றோல் நேரம் தப்பித் தானே வெடிப்பது) அடிக்கத் தொடங்கியது.

மாஃப் சென்சர் தன்னைத் தொட்டுப் போகிற காற்றை மட்டும்தான் உணரும். குழாயின் மொத்தக் காற்று எவ்வளவு என்பதை ஈசியூ டேபிளைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. பழைய குழாயின் உள்விட்டம் 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்றால் பரப்பு 18 வீதம் கூடுகிறது. அதே வோல்ட்டுக்கு 18 வீதம் அதிகக் காற்று உள்ளே போகிறது, ஈசியூவுக்கு அது தெரியாது. மெதுவாக ஓடும்போது ஒக்சிசன் சென்சர் பார்த்துத் திருத்திவிடும். முழு பெடலில் அந்தத் திருத்தம் நடக்காது. 11.5 ஆக இருக்க வேண்டிய காற்று–எரிபொருள் விகிதம் 13.6 வரை போகலாம், அதாவது பெற்றோல் குறைந்து 'லீன்' ஆகும். இதைவிட மோசம், காற்றைக் குறைவாகக் கணித்த ஈசியூ லோட் (எஞ்சினின் சுமை) குறைவு என்று நினைத்து டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) முன்னே தள்ளும். பெற்றோல் குறைவு, டைமிங் அதிகம், டேர்போ பூஸ்ட் வேறு. பிஸ்டன் உடைய இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொப்பி இன்டேக்கில் இன்னொரு வில்லங்கம். ஒரிஜினல் மேப்பையே கொண்டுவந்து போட்டாலும் பொருந்தாது. சென்சர் உட்காரும் இடம் சில மி.மீ. தள்ளியிருக்கும், காற்றை நேராக்கும் தேன்கூட்டு வலை இருக்காது, வளைவுக்கு ஒட்டியே சென்சரை வைத்திருப்பார்கள். மேப் ஏற்றும் கருவியான கோப் அக்ஸஸ்போர்ட்டின் மேப்கள்கூட எந்த இன்டேக்குக்கு என்று பெயர் சொல்லித்தான் வருகின்றன.

புகார் சொல்லப் போனால் கிடைக்கும் பதில்: "மலைக்காற்று மெல்லிசு தம்பி, லீன் காட்டத்தான் செய்யும்." சுத்தப் பொய். 1868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் மாஃப் அளப்பது காற்றின் எடையை, ஆகவே பெற்றோலும் அதே அளவு குறையும், விகிதம் மாறாது. பழைய காபரேட்டர் வண்டிகூட உயரத்தில் லீன் ஆகாது, ரிச் (பெற்றோல் கூடிய கலவை) ஆகும். உண்மையான பிரச்சினை எதிர்ப்பக்கம் இருக்கிறது. நுவரெலியாவில் மட்டும் லொக் எடுத்து டியூன் பண்ணினால் மாஃப் டேபிளின் மேல்பகுதி சோதிக்கப்படாமலே கிடக்கும். கொழும்புக்கு இறங்கி ஹைவேயில் அழுத்தும்போதுதான் வண்டி முதன்முறையாக அங்கே போகும். லொக் கீழேயும் எடுக்க வேண்டும்.

ஒக்டேனிலும் (பெற்றோல் நொக்கைத் தாங்கும் அளவு) ஏமாறாதீர்கள். நம் பெற்றோல் செட்டில் போடுகிற 95, ரொன் என்கிற அளவு முறைக் கணக்கு. அமெரிக்க மேப்பில் "93" என்று இருந்தால் அது அவர்கள் கணக்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 98. "95 அடிக்கிறோம்தானே, 93 மேப் தாராளம்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சோதிக்க, காரின் சொக்கட்டில் செருகும் ஒரு ஓபிடி ஸ்கேனரும் போனும் போதும். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், ஏசியை நிறுத்துங்கள். ஐட்லிங்கில் ஒன்று, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்மில் ஒன்று, சமதரையில் மணிக்கு 50 கி.மீ.யில் ஒன்று என ஷோர்ட் டேர்ம், லோங் டேர்ம் ட்ரிம் (ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ±5க்குள் நல்லது, 10 தாண்டினால் ஏதோ பிழை. மேலே சொன்ன காரில் ஓட்டத்தில் 14ம் 6ம் சேர்ந்து +20. ஐட்லிங்கில் மட்டும் கூடி 2500இல் இறங்கினால் மாஃப்புக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிவு, முதலில் சிலிக்கன் இணைப்புகளின் கிளிப்பைப் பாருங்கள். எல்லா இடத்திலும் கூடியே நின்றால் டேபிள் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். எண்ணெய் தடவும் பில்டர் என்றால் மாஃப் கம்பியில் எண்ணெய் படிந்தும் கணக்குக் கெடும், அதற்கென்றுள்ள கிளீனரைக் கம்பியைத் தொடாமல் ஸ்பிரே பண்ணிவிட்டு மறுபடி பாருங்கள்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது: மூன்றாம் கியரில் 2500இலிருந்து ரெட்லைன் வரை இழுத்த லொக். அதில் மாஃப் வோல்ட், கிராம்/செக்கன், நொக் திருத்தம், இன்டேக் வெப்பம், வைட்பேண்ட் சென்சர் காட்டும் காற்று–எரிபொருள் விகிதம் எல்லாம் இருக்க வேண்டும். மாஃப் 5 வோல்ட்டை முட்டி நின்றால் அந்தக் குழாய்க்கு அந்தச் சென்சர் போதாது. மாற்றும் முன் இருந்த ஒரிஜினல் ஃபைலின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஏர் பொக்ஸை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

மாஃப் இல்லாமல், எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சரில் ஓடுகிற பழைய ஹொண்டா போன்ற வண்டிகளுக்கு, வெறும் இன்டேக் மாற்றத்துக்கு மேப் பெரும்பாலும் தேவையே இல்லை. அதற்கும் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பெடலை அழுத்தாமல் ஓட்டி, ஒரிஜினல் ஏர் பொக்ஸையும் ஒரிஜினல் ஃபைலையும் ஒரே நாளில் சேர்த்தே திரும்பப் போடுங்கள். டேபிளை உண்மையாகவே மாற்றியிருந்தால், பொக்ஸை மட்டும் மாற்றிய வண்டி ரிச் ஆகிப் புகை டெஸ்டில் மாட்டலாம்.