தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதா, மாற்றுவதா? சூடேறும் எஞ்சினுக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள்

காத்தான்குடி பிரதான வீதியின் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மேலேறும் வெப்ப முள், களுவாஞ்சிகுடியைத் தாண்டி வேகம் எடுத்ததும் தானாகவே இறங்கிவிடுகிறது என்றால், அந்தக் காரில் பிழை பெரும்பாலும் விசிறியில்தான் இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது விசிறியே செய்தாக வேண்டும். ஏசியைப் போட்டதும் விசிறி சுற்றி, எஞ்சின் சூடேறும்போது மட்டும் சுற்றாமல் நின்றால், மோட்டாரை விட்டுவிட்டு வெப்ப சென்சரையும் வயரிங்கையும் பார்க்கலாம். மாறாக, கரையோர வீதியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கார், செங்கலடி–பதுளை வீதியில் பிபிலையைக் கடந்து ஏற்றம் பிடித்ததும் கொதிக்கத் தொடங்கினால், தண்ணீர் ஓட்டத்தில் தடை இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஆனால் சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தக் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் பல இடங்களில் கிடைப்பது ஒரே ஆலோசனைதான்: “நம்மட ஊர்ச் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றி விடுவம்.”

இந்த ஆலோசனையில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு வால்வு. தண்ணீர் ஏறத்தாழ 82 முதல் 88 பாகை வரை சூடான பிறகே அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அது மூடிய நிலையில் இறுகிவிட்டால் எஞ்சின் கொதிப்பது நிச்சயம் என்பதால், கழற்றியவுடன் முள் இறங்கும், வாடிக்கையாளரும் சந்தோசமாகப் போவார். அவசரத்துக்கு, வீடு வந்து சேர்வதற்கு, சில எஞ்சின்களில் இது உதவும்.

நிரந்தர வைத்தியமாக இதை ஏற்க முடியாது. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியையும் மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் எஞ்சினுக்கே திரும்பி, ஏற்றத்தில் முன்னரைவிட அதிகமாகச் சூடேறும். சமவெளியிலோ எஞ்சின் தன் சரியான வெப்பத்தை எட்டாமலே ஓடும்; அது இன்னும் குளிராக இருப்பதாகக் கருதும் கணினி கூடுதலாகப் பெற்றோலை விடும். புதிய தெர்மோஸ்டாட்டின் விலையை அந்தப் பெற்றோல் செலவோடு ஒப்பிட்டால் கழற்றுவது சிக்கனம் என்று சொல்ல இடமில்லை.

பழையது கெட்டுவிட்டதா என்று அறிய வீட்டு அடுப்பே போதும். ஒரு சட்டித் தண்ணீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடி தொடாதவாறு சூடாக்கினால், கொதி வருவதற்கு முன் வட்டத் தட்டு மெல்ல விலகித் திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காதது குப்பைக்குரியது. மாற்றும்போது அதில் பொறித்துள்ள பாகை பழையதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுடன், காற்று வெளியேறும் சிறிய ஊசித் துவாரம் இருந்தால், கையேடு வேறு விதமாகச் சொல்லாதவிடத்து, அது மேற்பக்கம் வருமாறு பொருத்த வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர். பழைய செப்பு ரேடியேட்டரின் தொட்டியைத் திறந்து, கம்பி விட்டுக் குத்தி, மீண்டும் ஈயம் வைத்து ஒட்டலாம். பிளாஸ்டிக் தொட்டி கொண்ட அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை நிலைப்பது அரிது. உள்ளே அடைத்திருந்தால் மாற்றுவதே மேல். ஆனால் அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் ஓடும் வாகனங்களில் அடைப்பு பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். ஏசியின் சூட்டை வெளிவிடும் கண்டென்சருக்கும் அதன் பின்னாலுள்ள ரேடியேட்டருக்கும் இடையில் வைக்கோல் தூசியும் பூச்சியும் படிந்து மெத்தைபோல் கிடக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் காசில்லாமலே பாதி நோய் தீரும்.

ரேடியேட்டருக்குள் ஊற்றுவது கிணற்றுத் தண்ணீரா, கடையில் விற்கும் குளிர்விப்புத் திரவமான கூலண்டா என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிடச் சற்று மேலானது என்பது உண்மை. எனினும் வாவியோரக் கிணறுகளின் உவர்நீர் அலுமினியத்தை அரித்து, வாட்டர் பம்பையும் துருவேற்றும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்காகக் கலந்தால் கொதிநிலையும் சில பாகை உயரும். பல கார்களில் அதைவிடப் பெரிய உதவி ரேடியேட்டர் மூடியிலிருந்து வருகிறது: நல்ல அழுத்த மூடி கொதிநிலையை ஏறத்தாழ 120 பாகைக்குக் கொண்டுபோகும். ரப்பர் வெடித்த மூடியோடு எந்தக் கூலண்ட் ஊற்றியும் பயனில்லை. சூடான எஞ்சினின் மூடியை, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடாமல் திறக்கவும் கூடாது.

மேற்கூறியவை எல்லாம் சரியாக இருந்தும், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு, போயிருக்கக்கூடும். இதற்கென்று கடைகளில் விற்கும் அடைப்புத் திரவம், ஒழுக்கை நிறுத்துவதற்கு முன் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடுவதும் உண்டு. காரை விற்கப் போகிறவருக்கே அது இலாபம். ஹெட்டைக் கழற்றித் தளத்தைச் சமன் பார்த்து, வளைந்திருந்தால் மெஷினில் சீவி, புதிய கேஸ்கட் போடுவதே சரியான வேலை. கேஸ்கட் கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றால், அது வரும்வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும்.