மைக்ரோடிக் ஹெக்ஸ்: நீண்ட பாவனையில் வேகம் எங்கே முட்டுகிறது

கல்லடியில் பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட விடுதி, கல்முனையில் ஐந்தாறு கணினி உள்ள அலுவலகம் போன்ற இடங்களுக்கு மைக்ரோடிக் நிறுவனத்தின் ஆர்பி750ஜிஆர்3 எனும் ஹெக்ஸ் நன்றாகப் பொருந்தும் ரவுட்டர். ஐந்து கிகாபிட் போர்ட், 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரட்டைக் கோர் சிபியு, 256 எம்பி ரேம். வைஃபை இல்லை, அக்சஸ் பொயின்டைத் தனியாக வாங்க வேண்டும். பல வருடப் பாவனையில் இதன்மேல் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "300 மெகாபிட்டுக்குக் காசு கட்டுறம், பாதிகூட வருதில்லை." பக்கேஜைக் கூட்டுவதற்கு முன் வேகம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

94 மெகாபிட்டில் அசையாமல் நின்றால் அது வயர். கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு சோடி போதும். 4-5 அல்லது 7-8 விட்டுப்போனால் லைன் அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். தலைப்புத் தரவுகள் போக மிஞ்சுவது 94. மைக்ரோடிக்கின் நிர்வாக மென்பொருளான வின்பொக்ஸில் அந்த ஈதர்நெட் போர்ட்டைத் திறந்து ஸ்டேட்டஸில் ரேட்டைப் பார்த்தால் உடனே தெரியும். கடலோரத்தில் உப்புக்காற்றுப் பட்ட ஆர்ஜே45 முனைகளில் பச்சை பிடிப்பதே வழக்கமான காரணம். துடைத்துச் சரிக்கட்டாதீர்கள், வெட்டிப் புதுமுனை அடியுங்கள். ஒரு பக்கத்தில் வேகத்தைக் கையால் நிறுத்தி மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டாலும் ஹாஃப் டியூப்ளெக்ஸில் விழுந்து, பாரம் ஏறும்போது வேகம் சிதறும். இரண்டு பக்கத்தையும் ஆட்டோவிலேயே விடுவது நல்லது.

ரேட் 1 கிகாபிட் காட்டியும் வேகம் ஏறவில்லை என்றால் சிபியுவைப் பார்க்க வேண்டும். டூல்ஸில் உள்ள புரொஃபைலைத் திறந்து, எல்லாக் கோர்களும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். இந்தச் சிபியு நான்கு திரெட்டாகத் தெரியும். ஒன்று முழுதாக நிரம்பி மற்ற மூன்றும் சும்மா இருந்தால் மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றுதான் வரும். அந்த 25ஐ நம்பி ரவுட்டரில் பிழையில்லை என்று முடிவெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. சிபியுவுக்கு மெகாபிட் கணக்கு இல்லை, பொதிகளின் (பக்கெட்) எண்ணிக்கையே கணக்கு. ஒரு கிகாபிட்டை 1518 பைட் பொதிகளாக அனுப்பினால் விநாடிக்கு ஏறக்குறைய 81 ஆயிரம். 64 பைட் பொதிகளாக அனுப்பினால் 14 இலட்சத்து 88 ஆயிரம். சிறிய பொதிகள் பெருகும்போது மெகாபிட் குறைவாக இருக்கும்போதே பெட்டி திணறுவது இதனால்தான்.

ஏற்கெனவே அனுமதித்த தொடர்பின் பொதிகளைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃபாஸ்ட்டிராக் ஓடும்வரை ஹெக்ஸ் ஒரு கிகாபிட் லைனை ஏறக்குறைய முழுதாகக் கடத்தும். அதை நிறுத்தி, ஒவ்வொரு அறைக்கும் வேகத்தை வரம்பிட ஒரு சிம்பிள் கியூ, முப்பது நாற்பது ஃபயர்வோல் விதி என்று ஏற்றினால் பாதிக்கும் கீழே போய்விடும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யாது. ஃபாஸ்ட்டிராக்கில் போகும் தொடர்பு சிம்பிள் கியூவைத் தொடாமல் போய்விடும். அதனால்தான் கியூ போட்டும் ஓர் அறையில் இருப்பவர் முழு லைனையும் இழுக்கிறார். அதைப் பார்த்து ஃபாஸ்ட்டிராக்கை அணைத்தால் எல்லாருக்கும் வேகம் குறைகிறது.

வலையமைப்பைப் பிரிப்பதே நிற்கும் தீர்வு. அலுவலகத்துக்கு 192.168.10.0/24, விருந்தினருக்கு 192.168.20.0/24 என்று வைத்து, ஃபாஸ்ட்டிராக் விதியின் மூல முகவரியில் முதலாவதை மட்டும் போடுங்கள். அதற்கு நேர் கீழே எஸ்டாபிளிஷ்ட், ரிலேட்டட் (ஏற்கெனவே தொடங்கிய, அதோடு சேர்ந்த) தொடர்புகளை ஏற்கும் விதி கட்டாயம் இருக்க வேண்டும். விருந்தினருக்கு அறைக்கொரு கியூ வேண்டாம். பிசிகியூ வகையில் ஒரேயொரு கியூ போட்டால், இருப்பவர்களுக்குள் வேகத்தை அதுவே பங்கிட்டுவிடும். கியூவின் உச்சத்தை லைனின் வேகத்துக்குச் சமமாக வைக்காமல் 95 சதவீதமளவில் வைத்தால், நெரிசல் சேவை வழங்குநரின் பெட்டியில் தேங்காமல் உங்கள் கையில் நிற்கும். வீடியோ அழைப்பு இடறாமல் இருப்பது இந்த ஐந்து சதவீதத்தால்தான்.

அளக்கும் முறையே அளவைக் கெடுப்பதும் உண்டு. ரவுட்டர் வழியே போவதைக் கண்காணிக்கும் டோர்ச், ஸ்னிஃபர் இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் ஃபாஸ்ட்டிராக் நின்றுவிடும். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேகம் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ரவுட்டரிலேயே உள்ள பான்ட்வித் டெஸ்ட்டும் அதே சிபியுவில் ஓடுவதால் ரவுட்டரின் உண்மையான திறன் அதில் தெரியாது. இரண்டு கணினிகளை வேறு வேறு சப்நெட்டில் கேபிளில் இணைத்து, நடுவில் ரவுட்டரை வைத்து, ஐபெர்ஃப்3இல் நான்கு இணைத் தொடர்புகளுடன் இரண்டு திசையிலும் ஓடவிடுங்கள். அங்கே 900க்கு மேல் வந்தால் ரவுட்டரில் குற்றமில்லை.

சில தளம் உடனே திறந்து, சிலது பாதியில் தொங்கினால் அது எம்டியு, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு. பயனர்பெயர் போட்டு லைனில் இணையும் பிபிபிஓஇ முறை 8 பைட் எடுப்பதால் 1500 என்பது 1492 ஆகும், எம்எஸ்எஸ் (ஒரு பொதியில் போகும் டிசிபி தரவின் உச்சம்) 1452. விண்டோஸில் துண்டாக்கத் தடையுடன் 1464 பைட் பிங் போய், 1465 போகாவிட்டால் கணக்குச் சரி. 1464உம் போகவில்லை என்றால் எம்எஸ்எஸ்ஸை, பொதிகளைத் திருத்தும் மாங்கிள் விதியால் குறைக்க வேண்டும். ஐபிசெக் (குறியாக்கிய விபிஎன்) இணைப்பு மட்டும் மந்தமாக இருந்தால், அதற்கான ஏற்பு விதி ஃபாஸ்ட்டிராக்குக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்லோட் காரணமில்லாமல் நிரம்புவது இன்னொரு வகை. இருந்த ஃபயர்வோலை அழித்துவிட்டு, தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் வெளிக் கேள்விகளை அனுமதித்தால், இணையத்தில் உள்ள யாரும் உங்கள் ரவுட்டரை வைத்து இன்னொருவரைத் தாக்கலாம். வான் (இணையம் வரும்) பக்கமிருந்து உள்ளே வரும் டிஎன்எஸ்ஸின் 53ஆம் போர்ட்டை, யுடிபி, டிசிபி இரண்டிலும் மூடினால் அன்றே வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குறைவென்றால், ரவுட்டருக்கு வெளியே பாருங்கள். ஜிபொன் எனும் பைபர் வலையமைப்பில் ஒரு பைபரின் 2.488 கிகாபிட்டைப் பல வீடுகள் பங்கிடும். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல் அங்கேதான். பைபர் வந்து முடியும் பெட்டியான ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்துசேரும் ஒளியின் பலம்) -27 டிபிஎம்மை நெருங்கியிருந்தால் வளைந்த பைபர் அல்லது அழுக்கான கனெக்டர். கொழும்புக்கு நல்ல வேகம், ஐரோப்பாவுக்கு மட்டும் குறைவு என்பது தூரத்தால்: 64 கேபி விண்டோவும் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) 150 மில்லிசெக்கன் தாமதமும் சேர்ந்தால் ஒரு தொடர்புக்கு 3.5 மெகாபிட்தான்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் வளவுக்குள் இரண்டு கட்டடங்களுக்கிடையே ஓடும் செம்புக் கேபிள்தான் போர்ட்டுக்கு எமன். அடிபட்ட போர்ட் எப்போதும் முழுதாகச் சாவதில்லை. எஃப்சிஎஸ் பிழைகள் (பழுதாகி வரும் பொதிகள்) ஏறிக்கொண்டே, வேகம் நொண்டும். ஹெக்ஸில் எந்தப் போர்ட்டையும் வான் ஆக்கலாம் என்பதால் அதை விட்டு அடுத்ததுக்கு மாறலாம். கட்டடத்துக்குக் கட்டடம் பைபர் இழுத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

இதன் உண்மையான குறை 16 எம்பி சேமிப்பு. ரவுட்டர்ஓஎஸ் 7இல் அப்டேட் இடமில்லாமல் நின்றுபோவது சாதாரணம். பாக்அப் கோப்புகளைக் கணினிக்கு எடுத்துவிட்டு அழித்த பிறகு தொடங்குங்கள். 300 மெகாபிட் லைனில் எல்லாருக்கும் கியூ என்றாலும் கவனமாக அமைத்தால் இது தாங்கும். ஒரு கிகாபிட்டில் ஒவ்வொரு பொதியும் கியூ வழியாகத்தான் போக வேண்டும் என்றால், நான்கு கோர் 1.4 கிகாஹெர்ட்ஸ் சிபியு உள்ள ஆர்பி5009 பக்கம் போங்கள்.