முதல் மெயில் சர்வர்: வீட்டுப் பெட்டியா, வாடகை வி.பி.எஸ்ஸா?

எங்கள் அலுவலகத்தின் 12 மெயில் கணக்குகளைச் சொந்த லினக்ஸ் சர்வருக்கு மாற்றுவதற்கு முன், இரண்டு மாதம் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். இப்போது வி.பி.எஸ்ஸில், அதாவது ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில், ஓடுகிறது. முதல் சர்வர் என்றால் நேராக வி.பி.எஸ்ஸுக்கே போங்கள் என்பேன்.

இயந்திரத்தின் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. இத்தனை பேருக்கு 2 ஜிபி ரேம் போதும். ராஸ்பெரி பை கூடத் தாங்கும், எஸ்.டி. கார்டை நம்பாமல் எஸ்.எஸ்.டி. மாட்டினால். கரண்ட் போனாலும் மெயில் தொலைந்துவிடாது. அனுப்பிய சர்வர் அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மெயில் அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை.

வீட்டுப் பெட்டியை வீழ்த்தியது ஐ.பி. முகவரிதான். சாதாரண வீட்டு இணைப்பில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வது வழக்கம், அதனால் தனிக் காசு கொடுத்து நிலையான ஐ.பி. வாங்கினேன். மெயில் வந்தது, வெளியே போகவில்லை: சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வாசலான போர்ட் 25ஐ இணைய நிறுவனம் அடைத்திருந்தது. கெஞ்சித் திறக்கவைத்த பிறகு ஸ்பாமைத் தடுக்கக் கறுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல் குறுக்கே நின்றது. வீட்டு இணைப்பு முகவரிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்றே அவர்கள் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். கடைசித் தடை ரிவர்ஸ் டி.என்.எஸ்., அதாவது ஒரு ஐ.பி. எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பி.டி.ஆர். பதிவு. டொமைன் என்னுடையது, ஆனால் அந்தப் பதிவு ஐ.பி.க்குச் சொந்தக்காரரான இணைய நிறுவனத்தின் கையில். உதவி மையத்தில் மூன்று பேரிடம் விளக்கியும் அது மாறவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் சரியான பி.டி.ஆர். கட்டாயம், மெயில் போலியல்ல என்று காட்டும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். ஒன்றாவது வேண்டும். அத்தோடு வீட்டு முயற்சியை நிறுத்தினேன்.

வி.பி.எஸ்ஸில் பி.டி.ஆரை நாமே கண்ட்ரோல் பேனலில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் புதுக் கணக்குகளுக்கு 25ஐ மூடி வைக்கும் நிறுவனங்கள் அங்கும் உண்டு; பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கிடைத்த ஐ.பி.யில் முன்பு குடியிருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருக்கலாம். முதல் நாளே கறுப்புப் பட்டியல்களில் தேடிப் பாருங்கள், அந்த ஐ.பி. அங்கே இருந்தால் சர்வரை அழித்துவிட்டு வேறு முகவரி வாங்குங்கள். எனக்கு இரண்டாவது முகவரிதான் சுத்தமாக அமைந்தது.

மென்பொருளில் டெபியன் லினக்ஸ் மேல் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலைப் பயனர்கள் படிக்க டவ்காட், ஸ்பாமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு மெயில் எங்கே சிக்கியது என்று லாகைப் படித்தாலே தெரிகிறது; அதற்காகவே எடுத்தேன். அதற்கு மாற்றான எக்ஸிம் இன்னும் நெகிழ்வானது, ஆனால் அதன் அமைப்புக் கோப்பே ஒரு தனி மொழி. 2019இல் வெளிப்பட்ட பெரிய பாதுகாப்பு ஓட்டையும் என்னைத் தயங்கவைத்தது. இவை எல்லாம் சேர்ந்த ஆயத்தத் தொகுப்பான மெயில்கௌ ஒரே மாலையில் ஏறிவிடும், ஆனால் 6 ஜிபி ரேம் கேட்கிறது. இரண்டு வாரம்தான் அதை ஓட்டினேன், அதனால் அப்டேட்டுகளின்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் தீர்ப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பழைய டெஸ்க்டாப் வீணாகவில்லை. தினமும் இரவு 2 மணிக்கு வி.பி.எஸ்ஸிலிருந்து மெயில்களைக் கோப்பு நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் மூலம் இழுத்துப் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறது.