உப்புக் கறையும் சிட்ரிக் ஆசிட்டும்: ஆறு வருட அனுபவம்

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். முழுக்க போர் தண்ணீர்தான். பக்கெட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் இரண்டே நாளில் விளிம்பில் வெள்ளைக் கோடு வந்துவிடும். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவரில் பீய்ச்சும். ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்கிறோமே தவிர, அது பெரும்பாலும் சுண்ணாம்பு. சோற்றுப்பாக இருந்தால் தண்ணீரிலேயே கரைந்து ஓடியிருக்கும். சுண்ணாம்பு அசைய வேண்டுமென்றால் புளிப்பு வேண்டும்.

முதலில் நானும் வண்டியில் வரும் ஆசிட்டைத்தான் வாங்கினேன். பழைய தண்ணீர் பாட்டிலில், லேபிள் எதுவும் இல்லாமல் ஊற்றித் தருவார்கள். ஆசிட் விற்பனைக்கு 2013-லேயே உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல. ஒருநாள் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, இன்னும் பளிச்சென்று வரட்டுமே என்று அதன்மேலேயே ஆசிட்டையும் ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது. மறு மூச்சுக்குள் தொண்டை எரிந்து, கண்ணில் நீர் கொட்டி, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். வந்தது குளோரின் வாயு. கதவை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். நெஞ்சு சரியாக இரண்டு நாள் ஆனது. மூச்சு வாங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: ஆசிட்டுக்குப் பதில் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றினாலும் பிளீச்சிங் பவுடரிலிருந்து அதே வாயுதான் வரும்.

அதற்கப்புறம் சிட்ரிக் ஆசிட்டுக்கு மாறினேன். ஸ்குவாஷ் போட மளிகைக் கடையில் விற்பார்களே, அதே வெள்ளைத் தூள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. இதற்குத் தேய்க்கும் பலம் வேண்டாம், ஊறவிடும் பொறுமைதான் வேண்டும். எலெக்ட்ரிக் கெட்டிலில் ஊற்றி வைத்தால் அடியில் நுரை நுரையாக ஏறும். முக்கால் மணி நேரத்தில் ஸ்டீல் தெரியும். முதல் தடவை சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்க வைத்தேன். பழைய படிவு போய், வேறொரு வெள்ளைத் தூள் அடியில் ஒட்டிக்கொண்டது. கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரையாமல் பிரிந்துவிடுமாம். இப்போது வெதுவெதுப்போடு நிறுத்திவிடுவேன். ஷவருக்கு அதே கரைசலைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அரை மணியில் அவிழ்த்துக் கழுவிவிடுவேன். அதற்குமேல் விட்டால் பளபளப்புப் பூச்சு மங்கிவிடும்.

வினிகரும் வேலை செய்யும்தான், ஆனால் வீடெல்லாம் ஊறுகாய் ஜாடி வாடை. வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து ஊற்றுவது வெறும் வாணவேடிக்கை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் கறையைத் தின்ன என்ன மிச்சம் இருக்கும்?

என் மாமியாருக்கு இதிலெல்லாம் பெரிய வியப்பு கிடையாது. அலுமினிய இட்லிப் பானை உள்ளே கறுக்காமல் இருக்க, அடித் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுவது அவர் வழக்கம். நான் மறந்தால், “ஏம்மா, புளி போட்டியா?” என்று ஹாலிலிருந்தே குரல் வரும்.

சிட்ரிக் ஆசிட் சமையலுக்கு ஆகும் பொருள்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. விரல் வெடிப்பில் பட்டால் எரியும், அதனால் கையுறை போட்டுக்கொள்வேன். கண்ணில் தெறித்தால் குழாயடியில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். தூள் டப்பாவில் பெரிதாகப் பெயர் எழுதி, சர்க்கரை டப்பா இருக்கும் அலமாரியில் இல்லாமல் பரணில் வைத்திருக்கிறேன்.

மார்பிள், மொசைக் தரைப் பக்கம் இதைக் கொண்டுபோகவே மாட்டேன். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான் என்பது எனக்கு நஷ்டப்பட்ட பிறகுதான் தெரிந்தது. கெட்டில் துடைத்த ஈரத் துணியை ஒருநாள் இரவு சமையல் மேடையிலேயே விட்டுவிட்டேன். காலையில் கறுப்புக் கல்லில் துணி அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு மணி நேரம் மறையும், அப்புறம் திரும்ப வந்துவிடும். இப்போது அந்த இடத்தில் மிக்சி உட்கார்ந்திருக்கிறது.