உப்புக் காற்றில் மூன்றரை வருடம், நாலு ஜோடி கிரிப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மலையேறுகிற ஆள் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் மலைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான். மவுண்டன் பைக் வாங்கியதற்குக் காரணம் மணலும் சீமைக்கருவேல முள்ளும். ரோட்டை விட்டு நாலடி இறங்கினால் ஒல்லி டயர் மணலில் புதைந்துவிடும், தடித்த டயர் என்றால் உருட்டிக்கொண்டாவது வந்துவிடலாம். வீடு உச்சிப்புளி, வேலை மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது. வாரத்தில் நாலு நாள் சைக்கிளில் போய் வருகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி. இந்த மூன்றரை வருடத்தில் டயர் ஒருமுறை மாற்றினேன், செயின் இருமுறை. ஹேண்டில்பாரில் கை பிடிக்கிற இடத்தில் மாட்டுகிற கிரிப் மட்டும் இப்போது ஓடுவது நாலாவது ஜோடி. ஒரு ரப்பர் உறைக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்டார்கள். பட்டவனுக்குத்தான் தெரியும்.

சைக்கிளோடு வந்த கிரிப் மெல்லிசான கறுப்பு ரப்பர். விரல் பதிவதற்கென்று பள்ளம் பள்ளமாக அச்சு போட்டிருந்தார்கள், அது யாருடைய விரலுக்கு எடுத்த அளவோ, என் விரல் எல்லாமே மேட்டில்தான் உட்கார்ந்தது. முதல் வருடம் இளவயதுச் சைக்கிள் என்று எதுவும் தெரியவில்லை. இரண்டாவது கோடையில் ரப்பர் உருக ஆரம்பித்தது. கம்பெனி வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டி, சாயங்காலம் கை வைத்தால் பலாப்பழம் உரித்த கை மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை கறுப்பு. மலிவு ரப்பரை மெதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய்ச் சமாச்சாரங்கள் வெயிலிலும் வியர்வையிலும் வெளியே கசிவதால் இப்படி ஆகும், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பிடித்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். நான் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால் பெட்ரோல் தொட்டுத் துடைத்தது. அன்றைக்கு ஒருநாள் நன்றாக இருந்தது, மறுநாள் முன்னைவிட மோசம்.

ஆனால் மாற்ற வைத்தது பிசுபிசுப்பு இல்லை, விரல் மரத்துப்போனது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் மண்டபம் போகும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும், சாயங்காலம் மேற்கே திரும்பும்போது அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு குனிந்து மிதிக்கவேண்டும். குனியக் குனிய உடம்பின் பாரம் கைக்கு வருகிறது. அப்படி ஒரு ஆடி மாத ஞாயிறு தனுஷ்கோடி போய்விட்டுத் திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தில் டீ குடிக்க நின்றேன். காசு கொடுக்கப் பையில் கைவிட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தன. ஒற்றை ரூபாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தூக்க முடியவில்லை, கல்லாவில் சிதறியது. டீக்கடை அண்ணன் ஒருமாதிரி பார்த்தார். மறுநாள் மதியம் வரைக்கும் அந்த மரமரப்பு போகவில்லை.

பிசியோதெரபி பார்க்கிறவரிடம் காட்டினேன். சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு எலும்புக்கு ஓரமாக ஒரு குறுகலான சந்து வழியாக அல்நார் நரம்பு போகிறது, கைப்பிடியின் விளிம்பு சரியாக அந்த இடத்தில் குத்துகிறது, மணிக்கட்டை வேறு பின்னால் மடக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய வியாதிதானாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, வேறு கதை. ஓட்டுவதை நிறுத்தியும் நாலைந்து நாள் மரத்தே இருந்தால் கிரிப் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இதைக் கேட்டுவிட்டு நான் புரிந்துகொண்டது தப்பு. குத்துகிறதா, அப்படியென்றால் மெத்து மெத்தென்று வாங்கினால் சரி என்று 120 ரூபாய்க்கு ஸ்பாஞ்ச் கிரிப் வாங்கினேன். பழையதை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தேன் (அலுமினியம் ஹேண்டில்பார் என்பதால் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை, கார்பன் வைத்திருப்பவர்கள் பிளேடு பக்கமே போகவேண்டாம்). புதியது உள்ளே ஏறவில்லை. ஏறவைக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன், வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது, ஏறியதுதான், அதற்கப்புறம் அது ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. எண்ணெய் ஆவியாகிப் போகாது, உள்ளேயே இருக்கும் என்கிற சின்ன விஷயம் அப்போது தோன்றவில்லை. ஐப்பசி மழையில் பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம், பக்கவாட்டில் காற்று, பின்னால் சுற்றுலா வேன், வலது கிரிப் மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டர் மாதிரி கையோடு திரும்பியது. வண்டி ஒரு முழம் ஆடியது. அன்றைக்கு யார் செய்த புண்ணியமோ.

சரி, எண்ணெய் என் தப்பு. எண்ணெய் இல்லாமல் மாட்டியிருந்தாலும் ஸ்பாஞ்ச் எனக்கு ஒத்துவந்திருக்காது. மெத்தென்று இருப்பதை மனிதன் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிக்கிறான், இறுக்கினால் ஸ்பாஞ்ச் அமுங்கி உள்ளே இருக்கிற குழாய்தான் கையில் தட்டுப்படுகிறது. விரல் முன்னைவிடச் சீக்கிரம் மரத்தது. வியர்வையையும் மழையையும் குடித்துவிட்டு, காய்ந்தபின் உப்புப் பூத்து, மூன்றாவது வாரத்திலிருந்து கருவாட்டுக் கூடை வாசம் வேறு. இரண்டு மாதத்தில் கழற்றி எறிந்தேன்.

மூன்றாவது, சிலிக்கான். 450 ரூபாய். இதைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வேன். கனம், அதாவது குறுக்கு விட்டம், 32 மில்லிமீட்டர், ஹேண்டில்பார் குழாய் கிட்டத்தட்ட எல்லா மவுண்டன் பைக்கிலும் 22.2 மில்லிமீட்டர்தான், ஆகவே உங்கள் கைக்குத் தெரிகிற வித்தியாசம் எல்லாம் கிரிப்பின் வெளிக்கனம்தான். பெரும்பாலும் 30-லிருந்து 34 வரைக்கும் கிடைக்கிறது. கடையில் பிடித்துப் பார்க்க முடிந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரணமாகப் பிடித்தபோது விரல் நுனி உள்ளங்கைச் சதையில் குத்தினால் கிரிப் ஒல்லி, விரல் நுனிக்கும் சதைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால் தடிமன். என் கை பெரியது, 30-இல் குத்தும். மாட்டுவதற்கு கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருந்தது, ஜெல் இல்லை, தண்ணீர் மாதிரி ஸ்பிரே அடிக்கிறது. உள்ளே அடித்துவிட்டு வேகமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், ஸ்பிரிட் காய்ந்ததும் அட்டை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு ராத்திரி விட்டுவைத்தேன், அதற்கப்புறம் அசையவே இல்லை. பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வருகிற டக்கு டக்கு என்ற அடியை அது நன்றாகவே வாங்கிக்கொண்டது. வியர்வையைக் குடிக்காது, பிசுபிசுக்காது.

அதைக் கொன்றது கருவேல முள். எங்கள் பக்கம் பஞ்சர் என்பது வாராந்திர விஷயம். பஞ்சர் ஆனால் என்ன செய்வோம், ரோட்டோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவோம். கவிழ்த்த சைக்கிள் நிற்பது சீட்டின் மேலும் கிரிப் நுனியின் மேலும். மணலும் சிப்பித் தூளும் கலந்த தரையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கிரிப் நுனி அரைபட்டு அரைபட்டு, சிலிக்கான் நல்ல மெது என்பதால் முதலில் பிளந்து, பிறகு துண்டு துண்டாக உதிர்ந்தது. ஆறு மாதத்தில் இரண்டு நுனியும் காலி. மணல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம், மனதார.

இப்போது இருப்பது இருபது மாதமாக ஓடுகிறது. இறக்கை வைத்த கிரிப், இருபுறமும் திருகு போட்டுப் பூட்டுகிற வகை. உள்ளங்கையின் அடிப்பக்கத்துக்குத் தட்டையாக ஒரு மேடை வரும். எர்கான் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஜிபி1 மாடலால் பிரபலமான வடிவம், அவர்கள் கை அளவுக்குச் சிறிசு பெரிசு என்று இரண்டு அளவு போடுகிறார்கள். நான் வாங்கியது அதே சாயலில் 900 ரூபாய்க்குக் கிடைத்த ஒன்று. தொட்டுப் பார்த்தால் சிலிக்கானைவிடக் கெட்டி, கடையில் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவன் இதைத் திருப்பி வைத்துவிடுவான். ஆனால் பாரம் ஒரு விளிம்பில் குத்தாமல் உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது, கை தன்னால் தளர்கிறது. மூட்டையைத் தலையில் வைக்கும்முன் சும்மாடு சுற்றுகிறோமே, அது பஞ்சு மாதிரி மெதுவாக இருப்பதாலா பாரம் தெரியாமல் இருக்கிறது?

பழைய சிலிக்கானைக் கழற்ற மனம் வரவில்லை, நுனியை வெட்டினால் அக்கா பையன் சைக்கிளுக்கு ஆகும். சைக்கிள் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் பிளேடும் எடுக்கவில்லை ஸ்க்ரூ டிரைவரும் எடுக்கவில்லை, டயருக்குக் காற்றடிக்கிற கன்னை எடுத்தார். "தம்பி, நுனியைப் பொத்திப் பிடிங்க" என்றார். கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவே கன் மூக்கைச் செருகி ஒரு அழுத்து. கிரிப் பலூன் மாதிரி உப்பி, கையோடு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. "எண்ணெய் போட்டீங்களாமே" என்று சிரித்தார், ஊருக்கே தெரிந்திருக்கிறது. உள்ளே குழாயில் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்திருந்தது, உப்பு அலுமினியத்தைத் தின்றது. நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தபிறகுதான் புதியதை ஏற்றினோம்.

இங்கே ஒரு அளவுப் பிரச்சினை வந்தது. பழையது 125 மில்லிமீட்டர், புதியது பூட்டு வளையத்தோடு 135. பிரேக் லீவரையும் கியர் ஷிஃப்டரையும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளவேண்டியிருந்தது. தள்ளியது நல்லதாகப் போயிற்று, இப்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லீவர் நுனிக்கு நேராக விழுகின்றன. கைப்பிடியைத் திருகி கியர் மாற்றுகிற வகை வண்டி என்றால் நீளக் கிரிப் மாட்ட இடம் இருக்காது, அதற்கென்று குட்டைக் கிரிப் இருக்கிறது, அளந்துவிட்டு வாங்குங்கள்.

இறக்கையைத் தரைக்கு இணையாக வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன், மணிக்கட்டு வலித்தது. 900 ரூபாய் போச்சு என்றே நினைத்தேன். அப்புறம் அக்கா பையனைக் கூப்பிட்டு, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார, பக்கவாட்டில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னேன். போட்டோவில் பச்சையாகத் தெரிந்தது: முன்கை சரிந்து வருகிறது, மணிக்கட்டில் பொட்டென்று மடங்கி மேலே நிமிர்கிறது. "மாமா, கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு" என்றான். அலன் கீயால் (அறுகோணச் சாவி) திருகைத் தளர்த்தி, இறக்கையின் பின்பக்கத்தை ஒரு விரல் கனத்துக்கு உயர்த்தினேன், பிரேக் லீவரையும் முன்கைச் சரிவுக்கு ஏற்பக் கொஞ்சம் கீழே இறக்கினேன். மூன்றாவது போட்டோவில் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடு. அன்றிலிருந்து வலி இல்லை.

கிரிப்புக்கே எல்லாப் பெருமையையும் கொடுப்பது நியாயமில்லை. அதே வாரம் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததைச் சமமாக்கினேன், அது சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே வரும், கை முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். முன் டயரில் கல் மாதிரி 60 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருந்தேன், 40-க்குக் குறைத்தேன். இந்த இரண்டும் காசு செலவில்லாத வேலை, இதை முதலில் செய்திருந்தால் ஸ்பாஞ்ச் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மணல் பாதையில் எழுந்து நின்று ஓட்டும்போது இறக்கை கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், பிடியை மாற்ற முடியாது. கறுப்பு ரப்பர் மதிய வெயிலில் தோசைக்கல்தான், துண்டு போட்டு மூடி வைக்கிறேன். பெரிய தொல்லை திருகு. கிரிப்போடு வந்தவை சாதா இரும்புத் திருகுகள், அலுமினிய வளையத்துக்குள் இரும்பு, நடுவே உப்பு ஈரம், கேட்கவேண்டுமா? எட்டாவது மாதம் கழற்றப்போனால் ஒரு திருகின் தலை அலன் கீக்குள் வழுக்கி உருண்டையாகிவிட்டது, கடையில் துளைபோட்டுத்தான் எடுத்தார்கள். அப்போதே நாலையும் அதே அளவு ஸ்டெயின்லெஸ் திருகாக மாற்றினேன். ஸ்டெயின்லெஸ் என்று நம்பி விட்டுவிடக்கூடாது, அலுமினியத்தோடு சேர்ந்தால் அதுவும் கடித்துக்கொள்ளும், மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவியே ஆகவேண்டும். மரையில் மட்டும், குழாயின் மேல் பட்டுவிடக்கூடாது. நாலு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, நல்ல தண்ணீரில் துடைத்து, திரும்பப் பூட்டுகிறேன். வெறிகொண்டு இறுக்கவேண்டாம், சின்ன மரை, அறுந்துவிடும். இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்து கிரிப் திரும்பவில்லை என்றால் அந்த இறுக்கம் போதும்.

போன மாதம் இடதுபக்க நுனி மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. திறந்த குழாயோடு ஓட்டக்கூடாது, விழுந்தால் வயிற்றில் வட்டமாக இறங்கிவிடும். தனி மூடி கடையில் கிடைக்கவில்லை, மண்டபம் கரையில் கிடந்த பழைய வலை மிதவை ஒன்றைக் கத்தியால் செதுக்கி அடித்து ஏற்றியிருக்கிறேன். வெளிறின ஆரஞ்சு நிறம், பார்க்க நன்றாக இல்லை, ஆனால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால் இப்போது மணலில் அரைபடுவது அதுதான்.