ஆறு பக்க விதிகளோடு ஓர் அமெரிக்க இலக்கிய வகுப்பு

நியூ ஜெர்சியில் நாங்கள் வசிக்கும் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் இந்த ஆண்டு பதினோராம் வகுப்பை முடித்திருக்கிறாள். இம்மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க நான்கு ஆண்டுகளும் ஆங்கிலம் படித்தாக வேண்டும். பதினோராம் வகுப்பில் அது பெரும்பாலும் அமெரிக்க இலக்கியமாக அமைகிறது. கணக்கு, அறிவியல் வகுப்புகளைப் பற்றி நம் வீடுகளில் அலசி ஆராயும் அளவுக்கு இந்த வகுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால், ஓராண்டு முழுவதும் அருகிலிருந்து பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆறு பக்கத் தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. வகுப்பில் எதிர்பார்க்கப்படுபவை, விதிகள், மதிப்பெண் பங்கீடு ஆகியவற்றை விளக்கி, கடைசிப் பக்கத்தில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட இடம் விட்டிருந்தார்கள். மணியடிக்கும்போது இருக்கையில் இருக்க வேண்டும், கைப்பேசியைக் கதவருகே தொங்கும் எண்ணிட்ட துணிப்பையில் போட்டுவிட வேண்டும் என்பவை எல்லா வகுப்புக்கும் உரியவை. கட்டுரை ஒரு நாள் தாமதமானால் பத்து விழுக்காடு குறையும், ஐந்து நாள் கடந்தால் மதிப்பெண்ணே கிடையாது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் தோன்றியது. இந்த வகுப்பின் உண்மையான தரம் மூன்றாம், நான்காம் பக்கங்களில், எப்படி வாசிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளில் இருக்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

அவற்றுள் தலையாயது, நூலின் வரியைக் காட்டாமல் எந்தக் கருத்தையும் சொல்லக் கூடாது என்பது. பேச்சிலும் அப்படித்தான், எழுத்திலும் அப்படித்தான். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்ற வினாவுக்கு விடை எழுதிப் பழகிய எனக்கு இது முதலில் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் அந்த வினாவுக்கான விடையைக் கோனார் உரையிலிருந்து மனப்பாடம் செய்தோம். இங்கே எந்த வரியை எடுப்பது என்பதையே மாணவர் முடிவு செய்ய வேண்டும், ஏன் அந்த வரி என்பதற்கும் அவரே காரணம் சொல்ல வேண்டும். மகளின் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது, மேற்கோள்கள் சரியாக இருந்தும், மூன்று பத்திகளின் ஓரத்தில் பச்சை மையில் 'அதனால் என்ன?' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அன்றிரவு அவள் சிணுங்கினாள். டிசம்பருக்குள் அந்தக் கேள்வியைத் தன் டிராஃப்டின் ஓரத்தில் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

மேற்கோளில் ஒரு நிறுத்தக்குறியைக்கூட மாற்றக் கூடாது என்ற விதியும் அந்தத் தாளில் உண்டு. இதை வெறும் ஒழுங்காக விட்டுவிடாமல் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைப் படிக்கும்போது பாடமாக ஆக்கியதுதான் அந்த ஆசிரியையின் திறமை. டிக்கின்சன் 1886-இல் மறைந்தார். 1890-இல் அவர் கவிதைகள் முதன்முதலாக நூல் வடிவம் பெற்றபோது, பதிப்பித்தவர்கள் வரிகளுக்கிடையே அவர் நிறுத்தக்குறியாக இட்ட சிறு கோடுகளையும் (டேஷ்) பெரிய எழுத்துகளையும் 'திருத்தி' வெளியிட்டார்கள். 1955-இல் தாமஸ் ஜான்சன் கொண்டுவந்த பதிப்பில்தான் அந்தக் கோடுகள் வாசகரிடம் திரும்பி வந்தன. ஒரே கவிதையின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கோடு இருக்கும் இடத்தில் மூச்சு நின்று போகிறது என்று மகள் வீட்டில் வாசித்துக் காட்டினாள். அதன் பிறகு அந்த விதியைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் குறைபட்டுக்கொண்டதில்லை.

பாடநூல்களின் தேர்வும் வரிசையும் எனக்கு நிறைவளித்தன. ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' நாடகத்தை 1692-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளோடு மட்டும் சேர்த்துப் படிக்காமல், அது மேடையேறிய 1953-ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் வேட்டையோடும், 1956-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் மில்லரே பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்ததோடும் சேர்த்துப் படித்தார்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு மூன்று வாரம் ஒதுக்கினார்கள். எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கிய எஜமானியைக் கணவர் தடுத்துவிட, பால்டிமோர் தெருக்களில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டதை டக்ளஸ் விவரிக்கும் பக்கத்தில் மகள் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், 'ரொட்டி கொடுப்பவன்தான் பசித்தவன்' என்று தமிழில் எழுதியிருந்தாள். அத்தியாயத்துக்கு ஐந்து குறிப்புகளாவது எழுத வேண்டும் என்பது விதி, எந்த மொழியில் என்பது அவரவர் விருப்பம். இதற்காகவே அந்த ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சீட்டு ஒட்டுவதற்கும் காரணம் உண்டு. நூல்கள் பள்ளிக்குச் சொந்தமானவை, இலவசமாக இரவல் தருகிறார்கள், அவற்றில் பென்சில் படக் கூடாது. அடிக்கோடிட்டுப் படிக்கட்டும் என்று 'தி கிரேட் கேட்ஸ்பி'யை மட்டும் நான் விலைக்கு வாங்கினேன். 1925-இல் வெளியான அந்நாவலின் அமெரிக்கக் காப்புரிமை 2021 ஜனவரியோடு முடிந்துவிட்டதால் மலிவுப் பதிப்புகள் பல கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் பக்க எண் வேறு. மேற்கோள் காட்டுவதற்கான எம்.எல்.ஏ. என்ற முறைப்படி மேற்கோளின் இறுதியில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வர வேண்டும் என்பதால், மகள் குறிப்பிட்ட பக்கங்கள் வகுப்புப் பிரதியோடு பொருந்தாமல் நான்கு மதிப்பெண் போயிற்று. நூல் வாங்குவோர் விதித்தாளில் அச்சிட்டிருக்கும், பதிப்புக்குப் பதிப்பு மாறும் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய விதி தெளிவானது. கட்டுரையை முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுத வேண்டும்; திருத்த வரலாறு ஆசிரியைக்குத் தெரிய வேண்டும். பிப்ரவரியில் ஒப்பீட்டு மென்பொருள் மகளின் கட்டுரையில் கணிசமான பகுதி நகல் என்று காட்டியபோது இந்த விதிதான் அவளைக் காப்பாற்றியது. நகல் என்று அது காட்டியவை அத்தனையும் அவள் முறைப்படி எடுத்தாண்ட மேற்கோள்கள். ஆசிரியை திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்து, மறுநாளே அவளை அழைத்து விஷயத்தை முடித்து வைத்தார். அந்த ஒரு நாளில் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். எவ்வளவு நகல் என்று மென்பொருள் சொல்லும் எண்ணை மாணவர் கண்ணில் காட்டுவதற்கு முன்பே ஒருவர் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

நான் முற்றிலும் மாறுபடுவது கலந்துரையாடல் மதிப்பெண்ணில்தான். மாணவர்கள் உள்வட்டம், வெளிவட்டம் என உட்கார்ந்து நடத்தும் உரையாடல் நல்ல பயிற்சி. ஆனால் முழு மதிப்பெண் பெற நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் மூன்று முறை பேசியாக வேண்டும் என்றால், சுமார் இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் முந்திக்கொள்பவர்களுக்கே அது சாதகம். என் மகள் யோசித்துப் பேசுபவள். அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும். டக்ளஸைப் பற்றி அவள் மனதில் இருந்ததெல்லாம் சீட்டுகளில் இருந்தது. அன்றைய உரையாடலில் அவளுக்குக் கிடைத்தது பத்துக்கு ஐந்து.

இதற்கு நேர்மாறாக, மறுமுறை எழுதும் வாய்ப்பு இந்த வகுப்பின் மிகச் சிறந்த ஏற்பாடு. கட்டுரை திரும்பிய ஒரு வாரத்துக்குள் ஆசிரியையை நேரில் சந்தித்து, எதை மாற்றப் போகிறோம் என்று விளக்கிவிட்டால் மீண்டும் எழுதலாம். இரண்டில் உயர்ந்த மதிப்பெண் நிற்கும். நேரில் சந்திக்காமல் திருத்தி அனுப்பினால் ஏற்கமாட்டார். என் மகள் ஆண்டில் நான்கு கட்டுரைகளை இப்படி மறுபடி எழுதினாள். தாமதத்துக்கான கடுமையை நான் ஏற்றுக்கொண்டதும் இதைப் பார்த்த பிறகுதான்.

கையெழுத்திடும்போது அந்தத் தாளை நானும் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். மூன்றாம், நான்காம் பக்கங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க ஓர் இரவு ஒதுக்குங்கள். மறுமுறை எழுதும் வாய்ப்பை முதல் கட்டுரையிலேயே பயன்படுத்தச் சொல்லுங்கள். கலந்துரையாடலில் பேசத் தயங்கும் மாணவர்கள் எழுத்துக் குறிப்புகளைத் தந்து ஈடு செய்ய வழி வேண்டும் என்று மே மாதத்தில் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். கோடையில் விதித்தாளைத் திருத்தும்போது பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. என் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கிறான். பழைய தாளை எடுத்து வைத்திருக்கிறேன், புதியது வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.