ஹீமோஃபிலியா ஏ: ஒரே தடவை மரபணு சிகிச்சையா, தொடர்ந்து எமிசிசுமாப் ஊசியா?

ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் போதிய அளவு சுரப்பதில்லை. எமிசிசுமாப் அந்தக் காரணியின் வேலையைத் தானே செய்கிறது. ஒன்பதாம், பத்தாம் காரணிகளை இணைத்துவிடுகிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் ஒருமுறையோ நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ தோலுக்கடியில் போட்டால் போதும், நரம்பு தேடிக் குத்த வேண்டாம். குழந்தைகளுக்கும் போடலாம். பெரிய அறுவை சிகிச்சை, மீறி வரும் ரத்தக்கசிவு போன்ற சமயங்களில் எட்டாம் காரணியையும் ஏற்ற வேண்டிவரும்.

2023-இல் அமெரிக்காவில் அனுமதியான ராக்டேவியன் மரபணு சிகிச்சை, பெரியவர்களுக்கு மட்டும். நோய் உண்டாக்காத ஏஏவி வைரஸ், எட்டாம் காரணிக்கான மரபணுவைக் கல்லீரல் செல்களுக்குக் கொண்டுபோகிறது. ஒரே தடவை ஏற்றினால் பலருக்கு ஊசியே இல்லாத ஆண்டுகள் கிடைக்கின்றன. சரி, எத்தனை ஆண்டுகள்? அங்கேதான் சிக்கல். காரணியின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது, போகப்போகக் குறையவும் செய்கிறது. வைரஸுக்கு எதிர்ப்பு உருவாகிவிடுவதால் மறுபடி கொடுக்கவும் முடியாது. கல்லீரல் நொதிகள் ஏறினால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வேறு.

ஊசியை நிறுத்தலாம், செலுத்திய மரபணுவைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஏ வகைக்கு இப்போதைக்கு எமிசிசுமாப் பக்கமே நிற்பேன். ஒன்பதாம் காரணி குறைவாக இருக்கும் பி வகையில் என் கணக்கு வேறு: அங்கே எமிசிசுமாப் பலிக்காது, ஹெம்ஜெனிக்ஸ் என்ற மரபணு சிகிச்சை தரும் ஒன்பதாம் காரணியோ சில ஆண்டுகள் கடந்தும் நிலையாக நிற்கிறது.